இழைப் பொருள்களின் நுண்கட்டமைப்பை முப்பரிமாணப் படத்திலிருந்து அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கண்ணாடி இழை கலந்த பாலிஅமைடு நெகிழியில் வார்த்த 3 மி.மீ. தடிமனுள்ள ஒரு தகட்டிலிருந்து, உருகிய நெகிழி பாய்ந்த திசையில் ஒரு பட்டையையும் அதற்குக் குறுக்காக இன்னொரு பட்டையையும் வெட்டி இழுத்துப் பார்த்தால், இரண்டின் விறைப்பும் ஒன்றாக இருப்பதில்லை. பொருள் ஒன்று, இழையின் அளவு ஒன்று, தடிமனும் ஒன்று. வேறுபடுவது உள்ளே இழைகள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்பது மட்டுமே. அந்தப் படுகையை வெளியிலிருந்து காண முடியாது. வெட்டி மெருகேற்றிய பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வோர் இழையும் ஒரு நீள்வட்டமாகத் தெரியும். அதன் குறு அச்சை நெட்டச்சால் வகுத்து வரும் எண்ணிலிருந்து இழையின் சாய்வுக் கோணத்தைக் கணக்கிடலாம். ஆனால் அந்த இழை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, அதே அளவு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதை ஒரே வெட்டுப் பரப்பு சொல்லாது. இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே இழைப் பொருள்களின் ஆய்வில் முப்பரிமாணப் படம் இன்றியமையாததாயிற்று.

இதற்கான கருவி, எக்ஸ் கதிரால் பொருளின் உட்புறத்தைப் படமெடுக்கும் மைக்ரோ சி.டி. மருத்துவமனையில் உள்ள சி.டி. ஸ்கேனரும் இதுவும் ஒரே கொள்கையில் இயங்குகின்றன. அங்கே நோயாளியைச் சுற்றிக் கருவி சுழல்கிறது, இங்கே கருவி நிலையாக நிற்க மாதிரி சுழல்கிறது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் ஸ்கேனர் 1971இல் முதல் நோயாளியைப் படமெடுத்தது. அந்தப் பணிக்காக அவரும் ஆலன் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். எலியட், டோவர் ஆகிய இருவரும் 1982இல் இதே முறையை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் கொண்டுவந்தனர். கூம்பு வடிவக் கதிரிலிருந்து முப்பரிமாண உருவைக் கணக்கிட இன்றும் ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் முறையை ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்டனர்.

இந்த வழிகாட்டி, எடையில் 30 விழுக்காடு கண்ணாடி இழை கொண்ட பாலிஅமைடு 66ஐ முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு செல்கிறது. கார் எஞ்சின் பகுதியிலும் மின்சாதனங்களிலும் மிகுதியாகப் பயன்படும் பொருள் இது. நெய்யாத் துணி, கார்பன் இழை, தென்னை நார் ஆகியவற்றுக்கு எவை மாறும் என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறேன். தொடக்கத்திலேயே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்கேனர் தருவது படமே தவிர அளவு அன்று. படத்தை அளவாக மாற்றும் ஒவ்வொரு படியிலும் ஆய்வாளர் ஒரு முடிவை எடுக்கிறார், அந்த முடிவுகளுள் சில இறுதி எண்ணை 40 விழுக்காட்டுக்கு மேலும் மாற்றக்கூடியவை.

படி 1: கேள்வியை முதலில் எழுதுங்கள்

இழையின் கன அளவுப் பங்கு வேண்டுமா, திசையமைவு வேண்டுமா, தனித்தனி இழைகளின் நீளம் வேண்டுமா, உள்ளிருக்கும் காற்றுக் குழிகள் வேண்டுமா என்பதை ஸ்கேனருக்கு அருகில் போவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். காரணம், கேள்விதான் வாக்ஸலின், அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனசதுரப் புள்ளியின், அளவைத் தீர்மானிக்கிறது. வாக்ஸலின் அளவு மாதிரியின் அளவைத் தீர்மானிக்கிறது. திசையமைவு மட்டும் போதுமென்றால் இழையின் விட்டத்துக்குள் மூன்று வாக்ஸல் இருந்தாலும் சமாளிக்கலாம். ஒவ்வோர் இழையையும் தனியே பின்தொடர்ந்து நீளம் அளக்க வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து வேண்டும், அதற்கு மேலிருந்தால் நல்லது.

நம் பொருளில் இழையின் விட்டம் 10 மைக்ரான் என்று கொள்வோம். ஐந்து வாக்ஸல் வேண்டுமென்றால் வாக்ஸலின் பக்கம் 2 மைக்ரான். மாதிரியைக் கடந்து வரும் கதிரைப் பதிவுசெய்யும் டிடெக்டரின் அகலத்தில் 2000 பிக்ஸல் இருந்தால் பார்வைப் பரப்பு 4 மி.மீ. மட்டுமே. இன்னும் நுணுக்கமாக 1 மைக்ரானில் எடுத்தால் அது 2 மி.மீ. ஆகச் சுருங்கி, 3 மி.மீ. தகட்டின் முழுத் தடிமனும் படத்துக்குள் அடங்காமல் போகும். நுணுக்கம் கூடினால் பரப்பு குறையும் என்ற இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்ப வழியில்லை. ஆகவே மிக நுணுக்கமான படத்தைத் தேடாமல், கேள்விக்குப் போதுமான படத்தைத் தேடுவதே முறை.

படி 2: மாதிரியை வெட்டுதல்

மாதிரி சுழலும்போது அதன் மூலைவிட்டம் பார்வைப் பரப்புக்குள் நிற்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். 3 மி.மீ. தகட்டை 3 மி.மீ. அகலத்தில் வெட்டினால் மூலைவிட்டம் 4.2 மி.மீ. ஆகி, மூலைகள் வெளியே போய்விடும். அகலத்தை 2.5 மி.மீ. ஆக்கினால் மூலைவிட்டம் 3.9 மி.மீ.; அது அடங்கும்.

வெட்டுவதற்கு வைரத் தூள் பதித்த மெல்லிய சுழல் கத்தியை மெதுவாகச் செலுத்துங்கள். கத்தரிப்பதோ உடைப்பதோ கூடாது. ஓரத்தில் விரிசலும் இழைப் பிரிவும் உண்டாகி, அவை பொருளின் இயல்பான குறைகள் என்று பின்னால் தவறாகக் கணக்கில் சேரும். வெட்டுவதற்கு முன்பே பாய்வுத் திசையைத் தகட்டில் குறித்து, மாதிரியின் ஒரு மூலையில் சிறு வெட்டுக்குறி இடுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால், பிறகு எவ்வளவு துல்லியமாகத் திசையை அளந்தாலும் அது எதனோடு ஒப்பிட்ட திசை என்று சொல்ல இயலாது.

பாலிஅமைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே விரியும் தன்மையுடையது. உலர் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை உடனே பல மணி நேர ஸ்கேனுக்கு வைத்தால் அது நடுவில் அளவு மாறிப் படத்தைக் கலங்கச் செய்யலாம். ஸ்கேனர் அறைக்குள்ளேயே முன்கூட்டிச் சில மணி நேரம் வைத்து, பிறகு உறுதியான தண்டின் நுனியில் விரைவில் இறுகும் பசையால் ஒட்டுங்கள். இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டையும் மெழுகும் மெல்ல நழுவுபவை. 2 மைக்ரான் வாக்ஸலில் 2 மைக்ரான் நழுவலே படத்தைக் கெடுக்கப் போதும்.

படி 3: படமெடுத்தல்

உருப்பெருக்கம் என்பது கதிர்மூலத்துக்கும் டிடெக்டருக்கும் உள்ள தொலைவை, கதிர்மூலத்துக்கும் மாதிரிக்கும் உள்ள தொலைவால் வகுத்து வருவது. டிடெக்டர் பிக்ஸல் 50 மைக்ரான் என்றால் 2 மைக்ரான் வாக்ஸலுக்கு 25 மடங்கு உருப்பெருக்கம் தேவை. ஆனால் வாக்ஸல் 2 மைக்ரான் என்பதாலேயே பிரிதிறனும் 2 மைக்ரான் என்று கொள்ளக் கூடாது. கதிர் கிளம்பும் புள்ளி 5 மைக்ரான் அகலமாக இருந்தால் படம் அந்த அளவுக்கு மங்கியே இருக்கும். மின்திறனைக் கூட்டக் கூட அந்தப் புள்ளி பெரிதாகும் என்பதால், நேரத்தை மிச்சப்படுத்தத் திறனைக் கூட்டுவது இந்த வேலையில் இழப்பையே தரும்.

மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை, இவ்வளவு சிறிய மாதிரியில் கதிரின் பெரும்பகுதி தடையின்றி ஊடுருவிச் சென்றுவிடும். கண்ணாடிக்கும் நெகிழிக்கும் உள்ள உறிஞ்சல் வேறுபாடு குறைந்த ஆற்றலில்தான் பெரிதாகத் தெரியும் என்பதால் 40 முதல் 60 கிலோவோல்ட் வரையில் தொடங்கிப் பார்க்கலாம். எண்ணெய்ப் பாறைக்கோ உலோகத்துக்கோ வைத்திருந்த பழைய அமைப்பை அப்படியே எடுத்தாண்டால் மங்கலான படமே வரும்.

எத்தனை நிழற்படங்கள் எடுக்க வேண்டும்? டிடெக்டரின் அகலத்தில் உள்ள பிக்ஸல் எண்ணிக்கையை பை (π) என்னும் எண்ணின் பாதியால், அதாவது 1.57ஆல் பெருக்குங்கள், 2000 பிக்ஸலுக்கு ஏறத்தாழ 3140 வரும். ஒன்றுக்கு 2 வினாடி என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். ஸ்கேன் தொடங்குவதற்கு முன் கதிர்க்குழாயை நன்கு சூடேற விடுங்கள். சூடேறும்போது கதிர்ப்புள்ளி இடம்பெயரும். மாதிரி இல்லாத வெற்றுப் படங்களையும் கதிரை நிறுத்திய இருட்டுப் படங்களையும் அதே அமர்விலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேனின் இறுதியில் 0 பாகைப் படத்தை மறுபடியும் எடுத்து, தொடக்கத்தில் எடுத்ததோடு கழித்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் மாதிரி அசைந்திருக்கிறது. அந்தத் தரவைத் திருத்த முயல்வதைவிட மீண்டும் எடுப்பதே மேல்.

படி 4: மீட்டுருவாக்கம்

நிழற்படங்களை முப்பரிமாணமாக்குவது மென்பொருளின் வேலை. அதன் விளைவைக் கண்ணால் சரிபார்ப்பது ஆய்வாளரின் வேலை. சுழல் மையம் அரை பிக்ஸல் தவறினாலும் ஒவ்வோர் இழையின் ஓரமும் பிளவுபட்டுப் பிறை போலத் தோன்றும். டிடெக்டரில் பழுதான பிக்ஸல்கள் சுழல் அச்சைச் சுற்றி வளையங்களாக வரும்; திசையமைவுக் கணக்கில் இந்த வளையங்கள் வளைந்த இழைகளாகப் பதிவாகிவிடும் என்பதால் இவற்றை நீக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. மாதிரியின் நடு ஓரத்தைவிடக் கருத்துத் தெரிந்தால், அது குறைந்த ஆற்றல் கதிர்கள் ஓரத்திலேயே உறிஞ்சப்பட்டதன் விளைவு; மெல்லிய அலுமினிய வடிகட்டியாலோ மென்பொருள் திருத்தத்தாலோ சரியாகும்.

2000 வாக்ஸல் பக்கமுள்ள கனசதுரம் ஒன்று 16 பிட் ஆழத்தில் 16 ஜிகாபைட் இடம் கொள்ளும். அடுத்து வரும் திசைக் கணக்கில் ஒவ்வொரு வாக்ஸலுக்கும் 32 பிட் ஆழத்தில் ஆறு எண்கள் தேவைப்படுவதால் இது 192 ஜிகாபைட்டாக உயரும். ஆகவே தரவைத் துண்டு துண்டாக, ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி பிரித்துக் கணக்கிடும் ஏற்பாட்டை இப்போதே செய்துகொள்ளுங்கள்.

படி 5: இழையையும் நெகிழியையும் பிரித்தல்

எல்லாப் படிகளிலும் மிகுந்த கவனம் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு வாக்ஸலிலும் ஒரு சாம்பல் மதிப்பு இருக்கிறது. ஓர் எல்லை மதிப்பை வைத்து, அதற்கு மேலிருப்பவை இழை, கீழிருப்பவை நெகிழி என்று பிரிக்கிறோம். நோபுயுகி ஒட்சு 1979இல் வெளியிட்ட முறை இந்த எல்லையைத் தானாகவே தேர்ந்து தரும். ஃபிஜி உள்ளிட்ட இலவச மென்பொருள்களில் ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. சொடுக்கி, வந்த எண்ணை அறிக்கையில் எழுதுவதுதான் பரவலாகக் காணப்படும் பிழை.

ஏன் பிழை என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஐந்து வாக்ஸல் விட்டமுள்ள இழையின் ஆரம் இரண்டரை வாக்ஸல். அதன் குறுக்குவெட்டில் ஏறத்தாழ 20 வாக்ஸலே அடங்கும். அதன் சுற்றளவோ 16 வாக்ஸல் நீளம். அதாவது இழையின் பெரும்பாலான வாக்ஸல்கள் ஓரத்து வாக்ஸல்கள். அவை பாதி கண்ணாடியும் பாதி நெகிழியுமாக இடைப்பட்ட சாம்பலில் நிற்பவை. எல்லை மதிப்பைச் சற்று இறக்கியதால் ஆரம் கால் வாக்ஸல் கூடினால் பரப்பு 21 விழுக்காடு கூடும். அரை வாக்ஸல் கூடினால் 44 விழுக்காடு. கண்ணுக்கு இரண்டு படங்களும் ஒன்றுபோலவே தெரியும்.

எனவே எல்லை மதிப்பை வெளியிலிருந்து வரும் ஓர் அளவோடு கட்டிப்போட வேண்டும். கண்ணாடியின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.55 கிராம், பாலிஅமைடு 66இன் அடர்த்தி 1.14 கிராம் என்று கொண்டால், எடையில் 30 விழுக்காடு என்பது கன அளவில் 16 விழுக்காடு மட்டுமே. பாலிஅமைடை எரித்தபின் எஞ்சும் சாம்பலின் அளவைக் காண ஐஎஸ்ஓ 3451 தரநிலையின் நான்காம் பகுதி முறை வகுத்துள்ளது. இதைவிடச் சிறந்த வழியும் உண்டு: ஸ்கேன் செய்த துண்டு 4 மி.மீ. உயரமுள்ளதாயின் அதன் எடை ஏறத்தாழ 40 மில்லிகிராம். வெப்ப எடையறி கருவியின் கிண்ணத்துக்குப் பொருத்தமான அளவு. படமெடுத்த அதே துண்டையே எரித்து, எஞ்சிய கண்ணாடியை எடைபோட்டு, அதன் கன அளவுப் பங்கைக் கணக்கிட்டு, படத்திலும் அதே பங்கு வரும்படி எல்லை மதிப்பை அமைக்கலாம்.

அதோடு நிறுத்தாமல், அந்த எல்லை மதிப்பில் படத்தில் கிடைக்கும் இழை விட்டத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்த விட்டத்தோடு ஒப்பிடுங்கள். பங்கும் விட்டமும் ஒரே எல்லை மதிப்பில் பொருந்தினால் பிரிப்பை நம்பலாம். பங்கு பொருந்தி விட்டம் பொருந்தாவிட்டால், எரித்தபின் எஞ்சியதில் கண்ணாடி இழை அல்லாத கனிமப் பொடி கலந்திருக்கலாம், அல்லது படம் நீங்கள் எண்ணியதைவிட மங்கலாக இருக்கலாம்.

இரைச்சலைக் குறைக்க வடிகட்டி இடுவதானால் ஓரங்களைக் காக்கும் வகையையே தேர்ந்தெடுங்கள். எந்திரக் கற்றல் வழியில் பிரிக்கும் ஐலாஸ்டிக் போன்ற மென்பொருள்கள் சீரற்ற பின்புலத்தில் மிக உதவும். ஆயினும் பயிற்சிக்காக ஓரத்து வாக்ஸலை இழை என்று வரைவதா நெகிழி என்று வரைவதா என்பதை உங்கள் கையே தீர்மானிக்கிறது. ஆகவே அங்கும் மேற்சொன்ன ஒப்பீடு கட்டாயம்.

படி 6: திசையமைவைக் கணக்கிடுதல்

இதற்கு இழைகளைத் தனித்தனியே பிரிக்க வேண்டியதில்லை. ஒரு வாக்ஸலைச் சுற்றிச் சாம்பல் மதிப்பு எந்தத் திசையில் மிகக் குறைவாக மாறுகிறதோ அதுவே இழையின் திசை. இழையோடு நடந்தால் கண்ணாடியே தொடர்ந்து வரும், குறுக்கே நடந்தால் உடனே நெகிழி வந்துவிடும். இந்த எண்ணத்தைக் கணக்காக்குவதே கட்டமைப்பு டென்சர் எனப்படும் எண் அட்டவணை. அதன் மிகச் சிறிய ஐகன் மதிப்புக்கு, அதாவது மாற்றம் மிகக் குறைவான திசையின் அளவுக்கு, உரிய திசையன்தான் இழைத் திசை. இரண்டு அளவுகளை நீங்கள் தர வேண்டும்: சாம்பல் மாற்றத்தை அளக்கும் மென்மையாக்க அளவு இழையின் ஆரத்துக்குள் இருக்கட்டும், அதைச் சராசரியாக்கும் சூழல் அளவு இழையின் விட்டத்தை ஒட்டி இருக்கட்டும். சூழல் அளவு பெரிதானால் அருகருகே குறுக்காகப் படுத்த இழைகள் கலந்து, உண்மையில் இல்லாத இடைத்திசை ஒன்று பிறக்கும்.

இழைக்குத் தலையும் வாலும் இல்லை என்பதால் திசைகளை நேரடியாகச் சராசரி எடுக்க முடியாது. எதிரெதிர்த் திசையன்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். அத்வானியும் டக்கரும் 1987இல் முன்வைத்த திசையமைவு டென்சர் இதைத் தீர்க்கிறது. அதன் மூன்று மூலைவிட்டக் கூறுகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1. எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறியிருந்தால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு. தகட்டின் தளத்துக்குள் மட்டும் சிதறியிருந்தால் அரை, அரை, பூச்சியம். எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தால் அந்தத் திசைக்கு 1.

இனி, முழு மாதிரிக்கும் ஒரே சராசரி எடுப்பதைத் தயவுசெய்து தவிருங்கள். வார்ப்பின்போது குளிர்ந்த அச்சுச் சுவரைத் தொட்ட நெகிழி உடனே உறைகிறது. அதையடுத்த அடுக்குகள் அந்தச் சுவரில் உராய்ந்து பாய்வதால் அங்குள்ள இழைகள் பாய்வுத் திசையில் நேராகின்றன. நடுவில் நெகிழி பக்கவாட்டில் விரிந்து பரவுவதால் இழைகள் குறுக்கே திரும்புகின்றன. இந்த மேலோடு, உள்நடு அமைப்பே பொருளின் குணத்தைத் தீர்மானிப்பது. 3 மி.மீ. தடிமனில் 1500 வெட்டுகள் உள்ளன. 50 வெட்டுகளுக்கு ஓர் அடுக்காக, 100 மைக்ரான் தடிமனுள்ள 30 அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனி டென்சர் கணக்கிட்டு வரைபடமாக்குங்கள். இருபுறமும் உயர்ந்து நடுவில் பள்ளமாகும் பாய்வுத் திசைக் கோட்டை அதில் காணலாம். அச்சுக்குள் நெகிழி எப்படி ஓடியது என்பதை உறைந்தபின் படித்தறியும் வாய்ப்பு இது. இந்தப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

கணக்கு நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, திசை முன்பே தெரிந்த செயற்கை உருளைகளைக் கணினியில் வரைந்து, அதே அளவு மங்கலும் இரைச்சலும் சேர்த்து, அதே நிரலில் செலுத்துங்கள். வாக்ஸல் வலையின் அச்சுகளை நோக்கி இழுக்கப்படும் பிழை இருந்தால் இதில் வெளிப்பட்டுவிடும்.

படி 7: இழை நீளம்

நீளம் எளிதன்று. 250 மைக்ரான் நீளமுள்ள இழைகள் என்று கொண்டால், 30 கன மி.மீ. துண்டுக்குள் ஏறத்தாழ 2.4 லட்சம் இழைகள் இருக்கும். ஒன்றையொன்று தொடும் இழைகள் படத்தில் ஒட்டி நீண்ட ஒன்றாகத் தோன்றும். மங்கலான இடத்தில் ஒன்றே இரண்டாக உடையும். நடுக்கோட்டைப் பின்தொடரும் நிரல்கள் உள்ளன. அவற்றின் விளைவைச் சில நூறு இழைகளுக்காவது கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

ஓரப் பிழையையும் திருத்த வேண்டும். நீண்ட இழை பார்வைப் பெட்டியின் சுவரில் முட்டிக்கொள்ளும் வாய்ப்பு குட்டையானதைவிட மிகுதி என்பதால், முட்டியவற்றையெல்லாம் நீக்கினால் சராசரி நீளம் குறைந்துவிடும். ஓர் இழை முழுமையாகப் பெட்டிக்குள் அடங்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு, அதன் தலைகீழை எடையாகக் கொடுப்பதே முறை. எண்ணிக்கைச் சராசரியையும், நீண்ட இழைக்குக் கூடுதல் எடை தரும் நீள எடைச் சராசரியையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். நீளம் மட்டுமே தேவை, இடம் தேவையில்லை என்றால், நெகிழியை எரித்து இழைகளைக் கண்ணாடித் தட்டில் பரப்பி ஒளி நுண்ணோக்கியில் அளப்பதே நம்பகமானது என்பது என் கருத்து.

படி 8: பொருள் மாறினால்

கார்பன் இழையும் எப்பாக்ஸி பிசினும் இரண்டுமே இலேசான தனிமங்களால் ஆனவை. உறிஞ்சல் வேறுபாடு மிகக் குறைவு, விட்டமும் 5 முதல் 7 மைக்ரானே. இங்கே கதிரலையின் கட்ட மாற்றத்தைப் பயன்படுத்த வேண்டும். மாதிரிக்கும் டிடெக்டருக்கும் இடையே தொலைவு விட்டு எடுத்து, பகனின் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட முறையால் மீட்கலாம். எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் மிக வேகமாக ஓட்டிச் செறிவான எக்ஸ் கதிரைத் தரும் சின்க்ரோட்ரான் என்னும் பெருங்கருவியின் கதிரில் இது சிறப்பாக வரும். இந்தியாவில் இந்தூரில் உள்ள இண்டஸ் 2 சின்க்ரோட்ரானில் படமெடுப்புக்கென ஒரு கதிர்த்தடம் இயங்குகிறது.

நெய்யாத் துணியில் இழைக்கும் காற்றுக்கும் வேறுபாடு நன்கு தெரியும், இடர் வேறு. தொட்டாலே அமுங்கும் பொருளை எந்த அழுத்தத்தில் படமெடுத்தோம் என்பதைக் குறிக்காவிட்டால் துளைப் பங்குக்குப் பொருளே இல்லை. துளையின் அளவை, ஒவ்வோர் இடத்திலும் பொருந்தக்கூடிய மிகப் பெரிய கோளத்தின் விட்டமாகக் கணக்கிடுங்கள். ஊடுருவு திறன், வெப்பக் கடத்தல் ஆகியவற்றைப் படத்திலிருந்தே கணக்கிட, நாசாவின் பியூமா மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்கலங்களின் வெப்பக் கவசத்துக்கான கார்பன் இழைப் பொருள்களை ஆராய உருவானது அது.

தென்னை நாரைப் பிசினில் பதித்தால் இரண்டின் அடர்த்தியும் நெருங்கி நிற்பதால் நாரின் வெளி எல்லை மங்கும். ஆனால் நாருக்குள் காற்று நிறைந்த நுண்குழல்கள் உண்டு; அவை கருப்பாகத் தெளிவாகத் தெரிவதால், அவற்றின் கற்றையைப் பின்பற்றியே நாரின் பாதையை அறியலாம். பிசின் அந்தக் குழல்களுக்குள் புகுந்திருக்கிறதா என்பதையும் அதே படம் காட்டும். அந்தக் குழல்களைக் குறைக்குழிகளாக எண்ணிவிடாமல் தனி வகுப்பாகப் பிரிக்க வேண்டும்.

படி 9: போதுமான பரப்பா என்று சோதித்தல்

துண்டின் தரவை நீளவாக்கில் எட்டுப் பகுதிகளாக்கி, ஒவ்வொன்றும் முழுத் தடிமனை உள்ளடக்கும்படி பார்த்து, இழைப் பங்கையும் திசையமைவையும் தனித்தனியே கணக்கிடுங்கள். எட்டும் நெருங்கி வந்தால் துண்டு போதுமானது. சிதறினால் தகட்டின் வேறு இடங்களிலிருந்து மேலும் துண்டுகள் வேண்டும். பாய்வு நுழையும் வாயருகே எடுத்த ஒரே துண்டைக் கொண்டு முழுத் தகட்டையும் பேசக் கூடாது. காற்றுக் குழிகளைப் பொறுத்தவரை, பக்கத்துக்கு மூன்று வீதம் 27 வாக்ஸலுக்குக் குறைந்தவற்றை இரைச்சலெனக் கருதி விலக்கி, அந்த வரம்பை அறிக்கையில் எழுதுங்கள்.

அறிக்கையில் வாக்ஸல் அளவு, மின்னழுத்தம், மின்திறன், வடிகட்டி, நிழற்படங்களின் எண்ணிக்கை, மாதிரி வெட்டிய இடமும் திசையும், இரைச்சல் நீக்கிய முறை, எல்லை மதிப்பு, அதைக் கட்டிப்போட்ட எடை அளவு, டென்சரின் இரண்டு மென்மையாக்க அளவுகள் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். எல்லை மதிப்பைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் கணக்கிட்ட முடிவுகளை இறுதி எண்ணின் இருபுறமும் தாருங்கள். பிரித்த படத்தோடு, திருத்தப்படாத நிழற்படங்களையும் வெற்றுப் படங்களையும் இருட்டுப் படங்களையும் சேமித்து வையுங்கள். எரித்துவிட்ட துண்டை மறுபடி படமெடுக்க முடியாது.